பதினெட்டு வயதும் பெற்றோர் கடமையின் எல்லையும்

(கோயம்புத்தூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகத் திருத்திச் சுருக்கப்பெற்றது)



விவாக பந்தம் அறுந்துபோன குடும்பங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே எழும் வியாஜ்யங்களைப் பற்றி நம் நாட்டில் எவ்வளவோ பேசியும் எழுதியும் ஆயிற்று. ஆனால் அவ்வியாஜ்யத்தில் எந்தப் பக்கமும் சேராமல், அதன் பாரத்தை மட்டும் சுமந்துகொண்டு வளருகிற குழந்தைக்குத் தந்தை கொடுக்கவேண்டிய ஜீவனாம்சம் எந்த நாளோடு நின்றுபோகிறது என்ற கேள்வியை, அந்த நாள் வந்து கதவைத் தட்டும்வரை யாரும் எழுப்புவதில்லை. இக்கேள்வியையே இன்றைய சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். பெற்றோரின் கடமை பிள்ளையின் வயதால் முடிவதன்று, பிள்ளை தன் காலில் நிற்கும் சக்தியைப் பெறுவதால் முடிவது என்பதும், நமது சட்டமே ஒருகாலத்தில் அப்படித்தான் கருதியது, இன்றும் சில இடங்களில் அப்படியே கருதுகிறது என்பதும் நான் நிலைநாட்ட விரும்பும் அபிப்பிராயம்.

1. முதலில் இன்றைய சட்டத்தின் நிலை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவை ஏறக்குறைய அப்படியே எடுத்துவைத்துக்கொண்டது. போதிய வசதியுடைய ஒருவர், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மைனர் குழந்தையை, அது முறைப்படி நடந்த விவாகத்தில் பிறந்ததாயினும் அல்லாததாயினும், புறக்கணித்தால் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊர்களில் அவ்வதிகாரம் அந்நீதிமன்றத்துக்கு உண்டு. மைனர் என்பது 1875-ஆம் ஆண்டு இந்திய மேஜர் வயதுச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர். 18 நிறைந்தபின் இப்பிரிவின்கீழ் கேட்கத் தகுதியுடையவர், உடல் அல்லது மனக் குறைபாட்டினாலோ காயத்தினாலோ தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளை மட்டுமே; அதிலும் மணமான மகள் சேரமாட்டாள். மதபேதமின்றி எல்லோருக்கும் இது பொது. நம் உக்கடத்திலோ கோட்டைமேட்டிலோ வாழும் முஸ்லிம் குடும்பத்துக் குழந்தைக்கும் இப்பிரிவு பொருந்தும் என்பதையும், விவாகரத்தான தாய்க்கென்று 1986-இல் வந்த தனிச் சட்டம் குழந்தையின் இவ்வுரிமையைக் குறைக்கவில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 1997-இல் நூர் சபா கத்தூன் வழக்கில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது.

2. இந்த 18 என்ற எல்லை என்றும் இருந்துவந்ததன்று. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளை என்று மட்டும் கூறிற்று, வயதைக் கூறவில்லை. 1969-இல் நானக் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஆராய்ந்து, மேஜரான பிள்ளையும் தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால் அதன் பாதுகாப்புக்குள் வருவான் என்றே தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டுகளில் பார்லிமெண்டு புதிய சட்டத்தை இயற்றியபோது மைனர் என்ற நிபந்தனை உள்ளே வந்தது. உடலாலோ மனத்தாலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு மிஞ்சியது. உச்ச நீதிமன்றம் அகலத் திறந்து காட்டிய கதவைச் சட்டமே அடைத்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வயது என்பது எவ்வளவு தூரம் மனிதர் தம் சௌகரியத்துக்காகப் போட்டுக்கொண்ட கோடு என்பதற்கு வேறு சான்றும் காட்டலாம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, இந்தியத் தந்தையின் மகன் 16 வயதுவரையிலும் மகள் 13 வயதுவரையிலுமே மைனர். பிறருடைய பிள்ளைகளோ 18 வரை. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்த பிள்ளை 1999 வரையில் 21 வயதுவரை மைனராகவே இருந்தது. தந்தையின் நிறத்துக்கும் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவுக்கும் தகுந்தபடி 13-க்கும் 21-க்கும் இடையே நகர்ந்துகொண்டிருந்த கோட்டினை இயற்கையின் நியதி என்று கொள்ள முடியாது.

3. இனி, அந்தக் கோடு நம் கொங்கு நாட்டில் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஐந்து வயது நிறைந்து முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதும்போது 17 வயதைத் தாண்டியிருக்கும். கவுன்சலிங் முடிந்து கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டு நடந்துகொண்டிருக்கையில் 18 நிறையும். பொறியியல் படிப்பு நான்காண்டு. மருத்துவமோ நாலரை ஆண்டும் அதன்மேல் ஓராண்டுப் பயிற்சியும். ஆக, பள்ளிக்கூடத்தில் குறைந்த செலவில் படித்த காலமெல்லாம் வந்துகொண்டிருந்த தொகை, செலவு பல மடங்காகப் பெருகுகிற அந்த முதலாண்டிலேயே, பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டர் கட்டணம் கட்டவேண்டிய தறுவாயில், நின்றுவிடுகிறது. கோவையைப்போல் கல்லூரிகள் நிறைந்த ஊர் தமிழ்நாட்டில் சில தாம். அரசு கலைக் கல்லூரியும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவிநாசிலிங்கமும் பி.எஸ்.ஜி.யும் நம் கண்முன்னே நிற்க, தறி ஓட்டுகிறவனும் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவனும் தன் பிள்ளை ஒரு பட்டம் வாங்கவேண்டுமென்று ஆசைப்படுவது இங்கே சாதாரணம். சேர்ந்து வாழும் குடும்பங்களில் எந்தத் தகப்பனும் மகனுக்கு 18 நிறைந்த மறுநாள் கல்லூரிக் கட்டணத்தை நிறுத்துவதில்லை. பிரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாத்திரம் பிறந்தநாளே இழப்பு நாளாகிறது.

கலெக்டர் அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், குடும்ப நல நீதிமன்றத்தின் வெளித் தாழ்வாரத்தில், நண்பரான வழக்கறிஞர் ஒருவரோடு நான் காத்திருந்த ஒரு முற்பகலில் கண்டதைச் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய், மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்த செமஸ்டர் கட்டண ரசீதுகளையும் விடுதியின் மெஸ் பில்லையும் கல்லூரிப் பஸ் கட்டணச் சீட்டையும் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தது; கடன் வாங்கிக் கட்டிய தொகைக்கு மாத்திரம் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தது. எதிரே நின்ற கணவர், வெடுக்கென்ற குரலில் அன்று, நியாயம் தம் பக்கமிருக்கிறதென்ற நிம்மதியான குரலில், “பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சு போச்சுங்க, இனி எனக்கென்ன பாத்தியதை இருக்குதுங்க?” என்று தம் வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

4. மகளின் நிலை இதைவிடச் சற்று மேலானது. ஆயினும் அம்மேன்மை அவளுக்கு எட்டுவதற்கு ஒரு கடுமையான விலை உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து சுவீகாரம், ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தாய், தந்தை இருவர்மேலும் பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைச் சுமத்தி, மணமாகாத மகள் தன் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதிருக்கும்வரை அக்கடமை நீடிக்கும் என்கிறது. வயது அங்கே பேசப்படவில்லை, சக்தியே பேசப்படுகிறது. அதே சட்டம் ஜீவனாம்சம் என்பதற்குள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றோடு கல்வியையும், மணமாகாத மகளுக்கு விவாகச் செலவையும் அடக்குகிறது. நான் நிலைநாட்ட விரும்பும் கொள்கை ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் இடம் இதுவே.

ஆனால் இவ்வுரிமை 144-ஆம் பிரிவின் மனுவோடு தானாக ஒட்டிவருவதில்லை. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைபாடு ஏதும் இல்லாத மேஜரான மகள் அன்றைய 125-ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் பெற முடியாதென்றும், 20-ஆம் பிரிவின்கீழ் அவளுக்குப் பூரண உரிமை உண்டென்றும், அதற்கு அவள் தனியே வழக்குத் தொடரலாமென்றும், இரு அதிகாரங்களும் ஒருங்கே உடைய குடும்ப நல நீதிமன்றம் இரண்டையும் சேர்த்து விசாரிக்கலாமென்றும் தெளிவுபடுத்திற்று. சட்ட நுணுக்கத்தில் இத்தீர்ப்பைக் குறைகூற முடியாது. அதன் பலனோ, நேற்றுவரை தாய் தன் பெயரில் நடத்திவந்த வழக்கை, இன்று 18 நிறைந்த பெண் தன் பெயரிலேயே தன் தகப்பனாருக்கு எதிராகத் தொடுக்கவேண்டியதாகிறது. வீட்டில் அப்பா என்று அழைத்தவரை மனுவில் எதிர்மனுதாரர் என்று எழுதிக் கையெழுத்திட்டு, கூண்டேறி, குறுக்கு விசாரணையில் தன் செலவுக்குக் கணக்குச் சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் பலர் இதற்கு உடன்படுவதில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற அச்சம் ஒருபுறம். கல்யாணத்தில் மணவறைக்கு அப்பா வரவேண்டுமே என்ற ஆசை ஒருபுறம். உரிமை இருந்தும் கேட்க முடியாத நிலை உரிமையே இல்லாத நிலைக்கு அதிகத் தூரத்தில் இல்லை.

5. மகனுக்கோ அப்படியொரு பிரிவும் இல்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவன் உரிமை மைனராக இருக்கும்வரை மட்டும். இருப்பினும் நீதிபதிகள் இக்குறையைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2021 மார்ச்சில், கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 18 வயதோடு கல்விச் செலவை நிறுத்துவது இக்காலத்துக்குப் போதாதென்றும், ஒரு மனிதனுக்கு அடிப்படையான முதல் பட்டம் கல்லூரி முடிந்தபின்பே கிடைக்கிறதென்றும் கருதி, மகன் அப்பட்டத்தைப் பெறும்வரை தந்தை தொகை செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம், மகன் மேஜரானான் என்பதற்காகப் படிப்புச் செலவு முழுவதையும் தாயின் தலையில் விடக்கூடாதென்று கண்டு, அவன் பட்டம் பெறும்வரையோ சம்பாதிக்கத் தொடங்கும்வரையோ மாதம் 15,000 ரூபாயைத் தாய்க்கே வழங்கச் செய்தது. இவை கருணையும் புத்திநுட்பமும் கலந்த தீர்ப்புகள். ஆயினும் உச்ச நீதிமன்றம்வரை சென்று வாதாடக்கூடிய தாய்மார் எத்தனை பேர் நம் அவிநாசியிலும் பல்லடத்திலும் உடுமலையிலும் இருக்கிறார்கள்? பனியன் கம்பெனியில் வாரக் கூலிக்குத் தைக்கிற பெண் ஒரு வாய்தாவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

6. உடலாலோ மனத்தாலோ குறைபாடுள்ள பிள்ளையைப் பொறுத்தவரை கடமைக்கு வயதெல்லையே இல்லை. அப்பிள்ளை முப்பதானாலும் நாற்பதானாலும் தகப்பனார் கொடுக்கவேண்டியதே. ஆனால் 18 நிறைந்ததும் அப்பிள்ளைக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் தாய்க்குத் தானாக நீடிப்பதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலராக நியமனம் பெறவேண்டும் என்பதைப் பல தாய்மார் அறியார்.

7. கடமையை முடிக்காதவை எவை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஏனெனில் நம் ஊர்ப்புறங்களில் முடிந்துவிட்டதென்று நம்பப்படுபவை அநேகம். தாய் மறுமணம் செய்துகொண்டாலும் பிள்ளைக்குத் தகப்பனின் கடமை அப்படியே நிற்கும். குழந்தையைப் பார்க்க விடவில்லை என்பது தொகையை நிறுத்தக் காரணமாகாது. அதற்கு வேறு பரிகாரம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லையென்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அத்துவிட்டாயிற்று என்று எழுந்து போகிறார்களே, அந்தக் காகிதம் மனைவியைக் கட்டுப்படுத்துமா என்பதே விவாதத்துக்குரியது. குழந்தையை அது கட்டுப்படுத்தாது. மகளின் ஜீவனாம்ச உரிமையையும் சொத்துரிமையையும் தாய் சமரசத்தில் விட்டுக்கொடுத்துவிட முடியாதென்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. ஜீவனாம்சம் நின்றபின்பும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வந்த பங்கு நிற்காது. தமிழ்நாட்டில் 1989 முதலே, மணமாகாத மகளுக்கும் அப்பங்கு மகனுக்குச் சமமாக உண்டு. நாடு முழுவதற்கும் 2005-இல் அது வந்தது. தோட்டமும் பூமியும் உடைய கொங்குக் குடும்பங்களில் இது அற்பமான செய்தியன்று.

பாக்கித் தொகையும் அப்படியே. 18 நிறையும்வரை சேர்ந்த பாக்கி, 18 நிறைந்ததால் கரைந்துபோவதில்லை. செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கச் சட்டம் இடந்தருகிறது; சிறை சென்று வந்தாலும் கடன் தீராதென்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் இம்முறையில் வாரண்டு கேட்கத் தொகை செலுத்தவேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். இரக்கப்பட்டு, இன்று தருவார் நாளை தருவார் என்று காத்திருந்து அந்த ஓராண்டைக் கடத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

8. மேஜரான பிள்ளையைத் தந்தை படிக்கவைக்கவேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கையா? நம் இனத்தவர் பெருவாரியாக வாழும் இலங்கையில் 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்க ஜீவனாம்சச் சட்டம், 18 முதல் 25 வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தனி வகையினராக ஏற்று, தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதிருப்பின் பெற்றோரிடம் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் எல்லை 21. கல்வி தொடர்ந்தாலோ, தேசிய சேவையில் இருந்தாலோ, குறைபாடு இருந்தாலோ அதற்கு மேலும் உத்தரவிடலாம். இவை தமிழர் வாழும் தேசங்களே.

அந்நிய தேசம் ஏன்? நம் சர்க்காரே தன் ஊழியர் விஷயத்தில் வேறு கொள்கையைக் கையாளுகிறது. மத்திய அரசு ஊழியர் காலமானால் அவர் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம், மணமாகாமலும் சம்பாதிக்காமலும் இருப்பின் 25 வயதுவரை செல்லும். தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகையும் வழங்கி வருகிறது. பின்னது 2024 ஆகஸ்டு 9 அன்று இதே கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. கல்லூரி மாணவன் இன்னும் பிறர் உதவியை நாடி நிற்பவன் என்று பொதுஜனங்களின் வரிப்பணம் ஒப்புக்கொள்கிறது. பெற்ற தகப்பனின் பணம் மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. 144-ஆம் பிரிவே, தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாத தாய் தந்தையரைப் பிள்ளைகள் காக்கவேண்டுமென்றும் விதிக்கிறது. மணமான மகளுக்கும் அக்கடமை உண்டென்று 1987-இல் தீர்ப்பாயிற்று. அக்கடமைக்கு வயதெல்லை கிடையாது. மகனைப் பாதிப் படிப்பில் விட்டுச் சென்ற தந்தை, முதுமையில் அதே மகன்மேல் அதே பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். நான் அவ்வுரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. முதியோர் பட்டினி கிடக்கக் கூடாது. ஒரு பிரிவுக்குள் ஒரு கடமையைச் சக்தியாலும் மற்றொன்றை வயதாலும் அளப்பது நியாயமாகாது என்றே சொல்கிறேன்.

9. ஆதலால் நான் வேண்டுவது மிகப் பெரியதொன்றன்று. 2023-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியவர்கள் அன்றே செய்திருக்கக் கூடிய திருத்தந்தான் அது. குறைபாடுள்ள மேஜர் பிள்ளையைக் குறிப்பிடும் உட்பிரிவை அடுத்து, முதல் பட்டத்துக்காகவோ தொழிற்பயிற்சிக்காகவோ உண்மையாகப் படித்துவரும் 25 வயதுக்குட்பட்ட பிள்ளையையும் சேர்த்தல். மைனராக இருக்கையில் பெற்ற உத்தரவு, புது வழக்கின்றி, கல்விச் சான்றைத் தாக்கல் செய்வதால் மாத்திரமே தொடருமாறு செய்தல். கட்டணத்தைத் தந்தை கல்லூரிக்கே நேராகச் செலுத்த வழிவகுத்தல். படிப்பை இடையில் கைவிட்டவனுக்கோ வேலைக்குச் சேர்ந்தவனுக்கோ இது தொடரவேண்டியதில்லை. தறிக்கூலியில் காலந்தள்ளும் தகப்பன் நசுங்கிப் போவானே என்று கேட்பார்கள். போதிய வசதியுடையவர் என்ற நிபந்தனை பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இல்லாதவனிடம் எந்த நீதிமன்றமும் பிடுங்கித் தரப்போவதில்லை. இருந்தும் இல்லையென்பவர் விஷயத்தில், 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்குக்குப் பின் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் யாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டியதாயிற்று. வருமான வரிக் கணக்குக்கு வராத தென்னந்தோப்பு வருமானமும் அதில் எழுதப்படவேண்டும்.

திருத்தம் வரும்வரை என்ன செய்வது என்று சட்டக் கல்லூரி மாணவியொருவர் சற்றுமுன் கேட்டார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் அதிகாரக் குழுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. மாவட்டந்தோறும் அதற்கென அலுவலகம் உண்டு. மகள் 18-க்குப் பின்னும் பெண் என்ற தகுதியில் அங்கே செல்லலாம். மகனோ 18 நிறைந்த நாளில் குழந்தை என்ற தகுதியை இழந்து, வருமான வரம்பு முதலான வேறு தகுதிகளைக் காட்டவேண்டியவனாகிறான். ஆகையால் ஆண் பிள்ளையை வளர்க்கும் தாய்மார், அவன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே, நடப்பிலுள்ள மனுவில் முதல் பட்டம்வரையிலான கல்விச் செலவையும் கோரிக்கையாகச் சேர்த்து, எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம் என்ற விவரத்தோடு தாக்கல் செய்துவிடவேண்டும் என்பதே அம்மாணவிக்கு நான் கூறிய விடை.